ஐப்பசி மழையில் ஓட ஒரு சட்டை

மழையில் ஓடுகிறவனுக்குக் கால்தான் முக்கியம் என்று சொல்கிறவர்கள் மழையில் ஓடிப் பார்க்காதவர்கள். முக்கியம் துணி. எங்கள் தோட்டத்தில் மூக்கைச் சிந்தத் தெரிந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வரப்போகிற நாள். அங்கிருந்து கடல் தாண்டி, மழையே பெய்யாத சீமை என்று எல்லாரும் சொன்ன சேலம் ஜில்லாவுக்குப் போய், அங்கே பெய்த ஒரு மழையில் எங்கள் குடும்பத்துப் பிழைப்பு என்ன கதியானது என்பதை எழுதுகிறேன். யாரையும் சமாதானப்படுத்த எழுதவில்லை. எனக்கு வயிறு இன்னும் எரிகிறது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. தோட்டத்துத் தமிழர்கள் எங்களில் யார் இந்தியாவுக்குப் போக வேண்டும், யார் இலங்கையில் இருக்கலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசிப் பங்கு போட்டிருந்தன. அண்ணன் ராமையாவும் அம்மாவும் இந்தியப் பங்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான் இலங்கைப் பங்கு. அண்ணன் முதலில் கப்பலேறிப் போய், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் பதிலி ஆளாகச் சேர்ந்திருந்தான். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் கேட்டோடு திரும்பிவிட வேண்டியது. அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "அவனுக்கு நெரந்தரமா ஒரு வேல ஆகட்டும். அப்பதான் நான் இந்த லயத்த விட்டு எறங்குவேன்." தோட்டத்திலோ அம்மாவின் பேரை எப்போது வெட்டுவார்கள் என்று தெரியாது. பேர் வெட்டினால் வேலையும் போச்சு, வீடும் போச்சு.

அந்த நேரத்தில் அண்ணன், ஊருக்கு வந்த ஒருவரிடம் சேதி சொல்லியனுப்பினான். மில்லின் ஆண்டு விழாவுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறார்களாம். பதிலி ஆட்களில் முதலில் வருகிறவனுக்கு முதலாளி கையாலேயே நிரந்தர வேலை. தீபாவளி கழிந்ததும் நடக்கும், அது மழைக்காலம், நனைந்தால் கனக்காத உடுப்பும் நல்ல சப்பாத்தும் கொண்டுவா என்றும் சொல்லியிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அண்ணனை ஓட்டத்தில் ஜெயிக்க அந்தச் சீமையில் யார் இருக்கிறார்கள்? அவன் எங்கள் தோட்டத்துத் தப்பால்காரன். ஆபீஸ் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் மலையிறங்கி டவுனுக்கு ஓடி, மறுபடி மலையேறி வந்தவன். மழை நாளில் ஊரே கம்பளியும் படங்கு என்கிற முரட்டுத் துணியும் போர்த்திக்கொண்டு விறைத்துக் கிடக்கும்போது, இவன் இருக்கிற ரப்பர் துணியைப் பைக்குச் சுற்றிவிட்டு வெற்றுடம்போடு ஓடுவான். உடம்பு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், துணி நனைந்தால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. கண்டிக்குப் போய், ஊதிவிட்டால் பறக்கிற மாதிரி ஒரு நைலான் பனியனும், லேசான கன்வாஸ் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

சேலம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. இதற்கா நைலானும் சப்பாத்தும் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஓட்டலில் இட்லி பூப்போல இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பால் போடாத தேத்தண்ணி கேட்டதற்கு, பரிமாறியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார். காய்ச்சல்காரர்கள்தான் அப்படிக் குடிப்பார்களாம். பாலையும் சர்க்கரையையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸ் கொடுத்தார். எந்த மலையில் எவள் விரல் கன்றக் கிள்ளிய கொழுந்தோ, அதன் வாசமே தெரியாதபடி செய்திருந்தார்கள்.

திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏறிப் பாதி வழி வந்திருப்போம், வானம் கறுத்தது. எங்கள் மலை மழை கதவைத் தட்டி, உட்கார்ந்து, பேசிவிட்டுப் போகிற மழை. இது அப்படியில்லை. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. சற்று நேரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால், ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகிற ரிக் லாரி ஒன்று சாலையோரத்துக் களிமண்ணில் சக்கரம் இறங்கி, குறுக்கே சாய்ந்து நின்றது. தண்ணீர் தேடப் போன வண்டி தண்ணீரில் மாட்டிக்கொண்டது. "எறங்கி நடங்க. அந்தண்ட வேற பஸ்ஸு நிக்குது" என்று கண்டக்டர் சொல்லிவிட்டார்.

நடந்தோம். எனக்கு முன்னால் போன விவசாயி ஒருவர் உரச் சாக்கை மூலையோடு மூலை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். அதற்குக் கொங்காடை என்று பேராம். எங்கள் பெண்கள் படங்கை இடுப்பில் சுற்றுவார்கள், இவர்கள் சாக்கைத் தலையில் போடுகிறார்கள். என் கவனமெல்லாம் காலில் இருந்தது. பத்தடி வைப்பதற்குள் செருப்பின் அடியில் களிமண் அப்பி, இன்னொரு செருப்பு முளைத்துவிட்டது. உதறினால் செருப்புதான் கழன்றது, மண் கழலவில்லை. எங்கள் மலை மண்ணில் வழுக்கி விழலாம், ஆனால் அது காலைப் பிடித்து இழுக்காது. இந்த மண்ணில் என் அண்ணன் எப்படி ஓடுவான் என்று அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

அண்ணன் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். கறுத்திருந்தான், கன்னம் ஒட்டியிருந்தது. குடியிருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிசையாக அறைகள், பொதுவாக ஒரு தாழ்வாரம், மூலையில் ஒரு குழாய். "இதுக்கு லைன் ஊடுன்னு பேரு" என்றான். கடல் தாண்டி வந்தும் லயம்தான்.

வீட்டுக்காரம்மா பழனியம்மாள் பின்னாலேயே ஆடு மாடு வைத்துப் பண்ணயம் பார்க்கிற நாற்பது வயதுக்காரி. நனைந்த காலோடு நின்ற என்னைப் பார்த்து, "வாங்கம்மிணி, மொதல்ல சோறு தின்னுங்க. பொறவு பேசிக்கலாம்" என்று கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். பசியில் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அந்தச் சாப்பாடும் அவள் பேச்சும்தான்.

அண்ணன் பேச்சுத்தான் பிடிக்கவில்லை. ஆளைக் கண்டால் 'ஆமாங்க', 'சரிங்க', 'வாரேனுங்க'. பட்டியில் நின்ற மேச்சேரி ஆட்டைக்கூட 'தள்ளுங்க' என்பான் போலிருந்தது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடமே நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவன் அவன்.

"ஏண்ணே, இப்புடிக் கூனிக் குறுகிப் போய்ட்ட?"

"கூனலெல்லாம் இல்ல. நாம பேசுனா சிலோன்காரன்னு ஒதுக்கிடுறாங்க. அவங்களாட்டம் பேசுனா அந்த ஊட்டு ஆளு மாதிரி. நமக்கு வேல வேணும், பாப்பா."

இரண்டாம் நாள் முழுக்கக் காலுக்கான ஏற்பாடு. மில் கேட்டில் தொடங்கி, சங்ககிரி ரோட்டில் கொஞ்ச தூரம், பிறகு ஏரிக்கரை மண்பாதையில் சுற்றி மறுபடி மில் கேட்டுக்கு வர வேண்டும். இந்தக் களிமண்ணுக்குச் சப்பாத்தைவிட வெறுங்காலே மேல் என்றான் அண்ணன். போய்ப் பார்த்தால் ரோட்டில் பாதி தூரத்துக்கு ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். ஜல்லிக்குச் சப்பாத்து வேண்டும், களிமண்ணுக்குச் சப்பாத்து கூடாது. என்ன செய்வது?

பஸ் நிலையத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, சப்பாத்தின் இரண்டு பக்கமும் அடியோரமாக ஓட்டை போடச் சொன்னேன். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க முடியாது. வந்தது வெளியே போனால் போதும். புதுச் சப்பாத்தில் ஓட்டை போடச் சொல்கிற பொம்பளையை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். "உங்க பூட்ஸுங்க, உங்க இஷ்டமுங்க" என்று குத்திக் கொடுத்தார். களிமண் சப்பாத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளாமல் இருக்க, லாரி பட்டறையில் பழைய டியூபிலிருந்து இரண்டு பட்டை அறுத்து வாங்கி, மேல்பாதத்தோடு இறுக்கிப் பூட்டினோம். கால்மேசு வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம். நனைந்த மேசு சுருண்டு கொப்புளம் போடும்.

சாயங்காலம் மழை வந்தது. அதுதான் நல்ல சமயம் என்று, தொடையிடுக்கிலும் அக்குளிலும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, நைலான் பனியனும் பழைய காற்சட்டையுமாக அண்ணன் ஏரிக்கரை வரை ஓடிப் பார்த்தான். திரும்பி வந்தவன் முகத்தில் எங்கள் பழைய ராமையா இருந்தான். "மேல ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கு. தண்ணி பட்டதும் வழிஞ்சு போயிருது. சப்பாத்து சளக்கு சளக்குன்னு தானா துப்புது" என்றான். பழனியம்மாள் தாழ்வாரத்தில் நின்று பார்த்துவிட்டு, "உங்க அண்ணங்காரர் ஓடறதப் பாத்தா, மொசலு கெட்டுது போங்க" என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் ராகிக் களி கிண்டினாள். நாங்கள் மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். அம்மாவை எந்த அறையில் படுக்க வைப்பது என்றுகூடப் பேசியாகிவிட்டது.

மூன்றாம் நாள்தான் சனியன் வந்தது, மஞ்சள் குங்குமத்தோடு.

பந்தயத்துக்கு முதல் நாள் மில்லில் பூசை. ஓடுகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, முதலாளி தன் கையாலேயே ஆளுக்கொரு கையில்லாத சட்டையும் அரைக்கால் சட்டையும் கொடுத்தாராம். மில்லின் தறியிலேயே நெய்த துணி. நான்கு மூலையிலும் மஞ்சள். நெஞ்சில் சாயப்பட்டறைச் சிவப்பைத் தொட்டு எண் எழுதியிருந்தது. பந்தயத்தில் இதைத்தான் போட வேண்டும், வேறு கம்பெனித் துணி ஒரு நூல் உடம்பில் தெரியக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. அண்ணன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மாப்பிள்ளை வேட்டி வாங்கினவன் போல வந்தான்.

தொட்டுப் பார்த்தேன். தறியிலிருந்து அறுத்து அப்படியே தைத்த துணி. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி போகவேயில்லை. மடக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கும் போலிருந்தது. அக்குள் தையல் அரம் மாதிரி இருந்தது.

"அண்ணே, இதக் குடு. ராத்திரிக்குள்ள ரெண்டு தண்ணியில அலசிப் போட்டா கஞ்சி போயிரும். அடுப்பு மேல காயப் போடுறேன். இப்புடியே போட்டுட்டு மழையில ஓடுனா கஞ்சியெல்லாம் கரைஞ்சு பசையா ஒட்டிக்கும். மேலெல்லாம் அறுத்துரும்."

அவன் வாய் திறப்பதற்குள் பழனியம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஐய, அப்புடிச் செய்யாதீங்கம்மிணி. புதுத் துணியத் தண்ணி காட்டிப் போட்டு ஆராவது உடுத்துவாங்களா? அதும் மஞ்ச வெச்சுக் குடுத்தது. ஒருக்கா உடுத்தின பொறவுதானுங்க தொவைக்கோணும். காரியத்துக்குப் போறவருக்கு ஆகாதுங்க."

அவள் கெட்ட மனசில் சொல்லவில்லை. என் அண்ணன் ஜெயிக்க வேண்டுமென்று அன்று காலையில்தான் மலைக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் லயத்திலும் தீபாவளித் துணிக்கு மஞ்சள் வைக்கிற வழக்கம் உண்டு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு எவனும் மழையில் ஓடப் போவதில்லை.

"அலசினா சாயமும் ஓடிரும், மஞ்சளும் போயிரும்" என்றான் அண்ணன். "காலைல மேனேஜர் ஒவ்வொருத்தனையா நிறுத்திப் பாப்பாரு. மஞ்சள் எங்கடான்னு கேட்டா நான் என்ன சொல்ல? சிலோன்காரனுக்கு மொற தெரியலன்னு சொல்லுவாங்க."

"மொற பாத்து ஓடப் போறியா, மழ பாத்து ஓடப் போறியா?"

"மழ வரலன்னா?"

"வந்தா?"

"ரெண்டையும் சமாளிக்கத்தான் பாப்பா இங்க உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கித் தொட்டியில் முக்கியிருப்பேன். ஆனால் பிழைக்க வேண்டியவன் அவன். இரண்டு வருஷமாக அந்த மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தவன். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியுமா என்று நானும் பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

பந்தய நாள் விடியும்போது வானம் வெளிறிக் கிடந்தது. மழை வராது என்றே தோன்றியது. மில் கேட்டில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்திருந்தார்கள். முதலாளி காரில் வந்து இறங்கித் தேங்காய் உடைத்தார். வெள்ளை வேட்டியில் சுருக்கமே இல்லை. மேனேஜர் ஒவ்வொருவனாக நிறுத்திப் பார்த்தார். அண்ணன் சொன்னது சரிதான், மஞ்சளையும் பார்த்தார். விசில் ஊதியதும் எல்லாச் சட்டையும் காகிதம் மாதிரிச் சரசரக்க ஓடினார்கள். என் அண்ணன் முன்னாலேயே இருந்தான்.

அவர்கள் ரோட்டுத் திருப்பத்தில் மறைந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் வந்த அன்று பெய்தது இதற்கு முன் தூறல். முதலாளிக்கு இரண்டு பேர் குடை பிடித்தார்கள். நாங்கள் லாரித் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டினோம். பழனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் வெசனப்படாதீங்கம்மிணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அந்தச் சட்டையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரைப் பாதையில் முதலில் வந்தவன் வெற்றுடம்போடு வந்தான். தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மலைப் பாதையில் தபால் பையோடு இறங்குகிற அதே ஓட்டம், முழங்காலைத் தூக்காமல், தரையைத் தடவிக்கொண்டு வருகிற ஓட்டம். இரண்டாவது ஆள் வெகு தூரம் பின்னால் கொங்காடைச் சாக்கை இழுத்துக்கொண்டு வருகிறவன் போல வந்துகொண்டிருந்தான். அண்ணன் கயிற்றைத் தாண்டினான். மேளம் அடித்தார்கள். நான் படிப்பிக்கிற டீச்சர் என்பதை மறந்து, சேற்றில் குதித்துக் குதித்துக் கத்தினேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு அக்குளும் உரித்த மாதிரிச் சிவந்து கிடந்தன. நெஞ்சில் இரண்டு காம்பிலிருந்தும் ரத்தம் மழையோடு வழிந்தது. சட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தான்.

"கரை வரைக்கும் தாங்கினேன் பாப்பா" என்று மூச்சு வாங்கினான். "அப்புறம் முடியல. கஞ்சி கரைஞ்சு மேலோட ஒட்டிக்கிச்சு. கை வீசவே விடல. பின்னால அந்தப் பையன் நெருங்கிட்டான். கழட்டிக் கையில வச்சிக்கிட்டேன். கீழ போடல, பத்திரமாத்தான் கொண்டுவந்தேன்."

மேனேஜர் குடையோடு வந்தார்.

"நெம்பர் எங்கடா?"

அண்ணன் சட்டையை விரித்துக் காட்டினான். கஞ்சியும் சிவப்புச் சாயமும் கலந்து, வெற்றிலை எச்சில் துப்பின மாதிரி இருந்தது. பின்னால் வந்து சேர்ந்த மற்றவர்கள் நெஞ்சிலும் அதே சிவப்புக் குழம்புதான். எவன் எண்ணையும் படிக்க முடியாது. ஆனால் அவர்கள் உடம்பில் சட்டை இருந்தது.

"மொதலாளி மஞ்ச வெச்சுக் குடுத்த துணிடா இது. நல்ல நாளும் அதுவுமா அதக் கழட்டிப் போட்டு, அம்மணக் குண்டியாட்டம் வந்து நிக்கறயே, என்னடா அர்த்தம்? மில்லு நல்லா இருக்கறது புடிக்கலையா?"

"இல்லீங்க. மேல அறுத்துதுங்க. ஓட முடியலீங்க."

"மத்தவனெல்லாம் எப்புடி ஓடியாந்தான்?"

மற்றவனெல்லாம் பின்னால்தான் வந்தான் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. நான் சொன்னேன். சட்டையைத் தூக்கிக் காட்டி, "துவைக்காத துணியக் குடுத்தது யாருங்க?" என்று கேட்டேன். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதாக வந்த சுப்பிரமணி என்ற பையன், மூச்சு இரைக்க, "அவருதானுங்க மொதல்ல வந்தாரு" என்றான். நல்ல பிள்ளை. "உன்னக் கேட்டனா?" என்று அவன் வாயையும் அடைத்தார்கள். கூட்டத்தில் யாரோ, "சிலோன்காரனுக்கு நம்ம மொறையெல்லாம் எங்க தெரியப் போவுது, பாவம்" என்றார்கள். பாவம் என்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மேனேஜர் போய் முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். முதலாளி ஒரு தடவை அண்ணன் பக்கம் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. சேறு படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுப்பிரமணிக்கு மாலை போட்டு, வேலை உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். என் அண்ணன் எல்லாருக்கும் பின்னால் நின்று கை தட்டினான். நான் கண்ணால் பார்த்தேன், அவன் கை தட்டினான்.

சாயங்காலம் பழனியம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் மேனேஜர் வீட்டுக்குப் போனாள். ஒரே ஊர்க்காரர்களாம், ஏதோ வகையில் சொந்தமும்கூட. "நனைக்க வேண்டாமுன்னு நாந்தானுங்க தடுத்தேன். அந்தத் தம்பி மேல தப்பில்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அங்கே அது எடுபடவில்லை. திரும்பி வந்து, ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் வீட்டுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவளை நான் திட்டவில்லை. திட்ட வேண்டியவர்கள் காரில் போய்விட்டார்கள்.

அண்ணனுக்கு எண்ணெய் போட்டு முடித்து, அந்தச் சட்டையை எடுத்துக் குழாயடியில் துவைத்தேன். மூன்று வாளித் தண்ணீரும் கூழ் மாதிரிப் போயிற்று. காலையில் கொடியில் காய்ந்து கிடந்ததைத் தொட்டால் கைக்குட்டை மாதிரி மெத்தென்று இருந்தது. நல்ல நூல், நல்ல நெசவு, அதை இப்போதும் சொல்வேன். அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு என் அண்ணன் அந்த மழையில் இரண்டு தடவை சுற்றி வந்திருப்பான். அதை மடித்து அவன் பெட்டியில் வைக்கப் போனேன். வேண்டாம், அடுப்புத் துணிக்கு வைத்துக்கொள்கிறேன் என்றான்.

நான் புறப்படுகிற அன்றைக்கு மில் கேட்டிலிருந்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், யாரும் லீவு போடவில்லை என்று. அதனால் பஸ் ஏற்றிவிட வந்தான். கையை உடம்போடு ஒட்டவிடாமல் அகட்டி அகட்டி நடந்தான்.

"அம்மாகிட்ட நான் மொதலா வந்தேன்னு மட்டும் சொல்லு."

"பொய் சொல்ல என்னால ஆகாதுண்ணே."

"பொய்யா? மொதலா வந்தது பொய்யா?" என்று கேட்டான். அவன் குரல் உயர்ந்ததை அந்த ஊரில் அப்போதுதான் கேட்டேன். உடனே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

பஸ் புறப்பட்டது. வழியில் அந்த ரிக் லாரி இருந்த இடத்தில் பள்ளம் மட்டும் கிடந்தது. ஆளாளுக்குக் கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டு, இந்த வருஷம் நல்ல மழை, கிணறெல்லாம் ஊறிவிட்டது என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு அது நல்ல மழைதான். எனக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் ஊரிலும் தூறிக்கொண்டிருந்தது. அம்மா கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, நனைந்த படங்கை அவிழ்த்துக்கொண்டே, "என்னாச்சு?" என்றாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். சப்பாத்தில் ஓட்டை போட்டது, மஞ்சள், கஞ்சி, ரத்தம், கை தட்டியது, எல்லாம். அவள் அடுப்புப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டாள்.

"அந்தச் சட்டயோட ஓடியிருந்தா மொதலா வந்திருப்பானா?"

"வந்திருக்க மாட்டான்மா."

"அப்ப அவன் என்னதாண்டி செஞ்சிருக்கணும்?"

நீ போக வேண்டாம்மா, அங்கே ஒன்றும் இல்லை, பேர் வெட்டும்போது பார்த்துக்கொள்ளலாம், என் சம்பளத்தில் இரண்டு பேரும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "புண்ணு ஆறிருச்சா?" என்று கேட்டாள்.

"நான் வரும்போது ஆறலம்மா."

மறுநாள் வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டு மணி அடித்தபோது அம்மா கூடையை எடுக்கவில்லை. காய்ந்த சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், மகனிடம் போக வேண்டும் என்று, தன் பேரைத் தானே வெட்டச் சொல்லிவிட்டு வந்தாள்.